வீட்டிலிருந்த ஐந்தரை வருஷம்

(வேதபாடம்)

வாசிக்கவேண்டிய பகுதிகள்: அப்போஸ்தலர் 14:26-28, 18:1-3, 18-28, 1 சாமுவேல் 30:9-25



மிஷனெரி ஊழியம் என்றதும் "போ" என்கிற கட்டளைதான் நமக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. வழியனுப்பும் கூட்டம் வைக்கிறோம், சால்வை போர்த்துகிறோம், மூப்பர்கள் கை வைத்துக் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் போனவர்கள் திரும்பி வந்து, மறுபடியும் போக வழியில்லாமல் வீட்டிலேயே இருக்கிற காலத்தைப்பற்றி நீங்கள் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்? நான் அதிகம் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட குடும்பங்கள் நம் நடுவில் உண்டு. விசா புதுப்பிக்கப்படாமல் வந்தவர்கள், யுத்தத்தினிமித்தம் வந்தவர்கள், சுகவீனத்தினால் வந்தவர்கள், வயதான தாய் தகப்பனைப் பார்க்க வந்தவர்கள் என்று பலர். 2020 மார்ச் மாதத்தில் நம் தேசத்தில் வழக்கமான சர்வதேச விமானங்கள் நிறுத்தப்பட்டன. அவை மறுபடியும் முழுமையாகத் தொடங்கியது 2022 மார்ச் கடைசியில்தான். இரண்டு மாத விடுமுறைக்கு வந்தவர்கள் இரண்டு வருஷம் நின்றுபோனார்கள்.

அந்த நாட்களில் ஒரு மிஷனெரி சகோதரி என்னிடம் சொன்னார்கள்: "பாஸ்டர், சபைக்கு வரவே கூச்சமா இருக்கு. பார்க்கிறவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. எப்போ திரும்பிப் போறீங்கன்னு. எனக்கே தெரியாததை நான் என்னன்னு சொல்றது?" அவர்கள் கணவர் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர்களைத் தாங்கிவந்த ஒரு ஜெபக்குழு, "இப்போது நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள்" என்று சொல்லி மாதக் காணிக்கையை நிறுத்திவிட்டது. வேறு வேலை தேடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே இந்தப் பாடத்தில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். போக முடியாமல் வீட்டிலிருக்கிற மிஷனெரி தம்பதியர் ஊழியத்தில் இருக்கிறார்களா, ஊழியத்தை விட்டு வெளியே நிற்கிறார்களா? முதலில் வேதத்தைப் பார்ப்போம். பிறகு சபை சரித்திரத்திலிருந்து ஒரு தம்பதியரைப் பார்ப்போம்.

1. அந்தியோகியாவுக்குத் திரும்பினவர்கள்

பவுலும் பர்னபாவும் முதலாம் மிஷனெரி பிரயாணத்தை முடித்து அந்தியோகியாவுக்குக் கப்பலேறி வந்தார்கள். சபையைக் கூடிவரச் செய்தார்கள். தேவன் தங்களைக் கொண்டு செய்ததையும், புறஜாதியாருக்கு விசுவாசத்தின் வாசலைத் திறந்ததையும் விவரமாய்ச் சொன்னார்கள். அதன்பின்பு உடனே மூட்டை கட்டினார்களா? இல்லை. சீஷர்களோடு அங்கே அநேக நாட்கள் தங்கியிருந்தார்கள் என்று 14-ம் அதிகாரம் முடிகிறது.

15-ம் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கு வாருங்கள். யூதேயாவிலிருந்து சிலர் வந்து, விருத்தசேதனம் இல்லாவிட்டால் இரட்சிப்பில்லை என்று போதிக்கிறார்கள். அந்த நேரத்தில் பவுலும் பர்னபாவும் வீட்டில் இருந்தபடியால்தான் எதிர்த்து நிற்க முடிந்தது. எருசலேமுக்குப் போனார்கள். புறஜாதியார் மேல் நியாயப்பிரமாணத்தின் நுகத்தை வைக்கக்கூடாது என்று அங்கே தீர்மானமாயிற்று. இன்று நீங்களும் நானும் அந்தத் தீர்மானத்தின் பலனை அனுபவிக்கிறோம். பிரயாணமில்லாமல் இருந்த அந்த நாட்களில் நடந்த வேலை அது. பிரயாணத்தில் நடந்த வேலைக்கு அது எந்த விதத்தில் குறைந்தது?

2. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும்

அடுத்தது ஒரு தம்பதியர். ஆக்கில்லா பொந்து தேசத்தில் பிறந்த யூதன். கிலவுதியு ராயன் யூதர்களெல்லாரும் ரோமாபுரியை விட்டுப் போகவேண்டுமென்று கட்டளையிட்டான். இது கி.பி. 49 வாக்கில் நடந்தது என்று வேத பண்டிதர்கள் பலர் கணக்கிடுகிறார்கள். வீட்டையும் வியாபாரத்தையும் விட்டுக் கொரிந்துவுக்கு வந்து, கூடாரம் பண்ணுகிற தொழிலைச் செய்து பிழைத்தார்கள். ரோமாபுரியின் வாசல் அவர்களுக்கு அடைபட்டிருந்தது.

அந்தக் காலத்தில் அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். பவுலைத் தங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பவுலோடு எபேசுவுக்குப் போனார்கள். பவுல் அங்கிருந்து புறப்பட்டுப் போனான், இவர்கள் தங்கிவிட்டார்கள். அப்பொல்லோ என்கிற வாலிபப் பிரசங்கி எபேசுவுக்கு வந்தபோது, அவனைத் தங்களிடத்தில் சேர்த்துக்கொண்டு தேவனுடைய வழியை இன்னும் திட்டமாய் விளங்கப்பண்ணினார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. ஒரு வேளை தோல் தைக்கிற ஊசி கையில் இருக்கும்போதே பேசியிருப்பார்கள்.

அதற்கடுத்த வசனம் என்ன? அப்பொல்லோ கடலைத் தாண்டி அகாயாவுக்குப் போகிறான். அங்கே விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாயிருக்கிறான் (அப். 18:27). தம்பதியர் வீட்டில் இருந்தார்கள், அவர்கள் வீட்டில் கற்றவன் கடல் கடந்தான். பிரியமானவர்களே, இதை நன்றாய் மனதில் வையுங்கள். வீட்டிலிருக்கிற மிஷனெரியின் ஊழியம் பல சமயம் இன்னொருவருடைய கால்களில் நடக்கும்.

3. ஹட்சன் டெய்லரும் மரியாளும்

வேதாகமக் கல்லூரியில் மிஷனெரி சரித்திரம் படித்த நாட்களிலிருந்து என் மனதில் தங்கிவிட்ட இரண்டு வருஷங்கள் 1860, 1866. சீனா தேசத்துக்குப் போன ஹட்சன் டெய்லரை உங்களில் அநேகருக்குத் தெரியும். சீன உடை உடுத்தினதும், பின்னல் வைத்துக்கொண்டதும் தெரியும். ஆனால் இந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவில் அவர் சீனாவில் இல்லை. லண்டனில், கிழக்குப் பகுதியில், ஏழைகள் வாழ்கிற தெருக்களில் இருந்தார்.

அ) எப்படித் திரும்பினார்கள்?

டெய்லர் 1853-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி 1854 மார்ச் 1-ந் தேதி ஷாங்காய் வந்து சேர்ந்தார். 1857-ல் தன்னை அனுப்பின சங்கத்திலிருந்து விலகி, கர்த்தரையே நம்பி ஊழியம் செய்தார். 1858 ஜனவரியில் நிங்போ பட்டணத்தில் மரியா டயரை விவாகம் செய்தார். மரியா மலாக்காவில் பிறந்தவர்கள். அவர்கள் தகப்பனார் சாமுவேல் டயர், சீன எழுத்துக்களை அச்சடிக்க உலோக அச்செழுத்துகளை உருவாக்க உழைத்த மிஷனெரி. சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்த மரியா, நிங்போவில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார்கள்.

1859-ல் நிங்போவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியை நடத்திவந்த டாக்டர், மனைவியை இழந்து பிள்ளைகளோடு தாய்நாடு திரும்ப வேண்டியதாயிற்று. அந்தப் பாரம் டெய்லர் தம்பதியர் மேல் விழுந்தது. கையில் பணமில்லை, ஆட்கள் குறைவு. இராப்பகலாக உழைத்தார்கள். டெய்லரின் சரீரம் தாங்கவில்லை. சிறிய சபையை விட்டுவிட்டு, கைக்குழந்தை கிரேஸை எடுத்துக்கொண்டு 1860 ஜூலை மாதம் கப்பலேறினார்கள். நவம்பரில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். இனி சில வருஷங்களுக்குச் சீனாவை நினைக்கவே கூடாது என்றார்கள் மருத்துவர்கள்.

இதில் ஒரு வேதனையைப் பாருங்கள். 1842-ம் வருஷ உடன்படிக்கையின்படி மிஷனெரிகள் குடியிருக்கக்கூடிய இடம் சீனாவின் ஐந்து துறைமுகப் பட்டணங்கள் மாத்திரமே. நிங்போ அதில் ஒன்று. உள்நாட்டுக்குப் போக அனுமதி இல்லை. இவர்கள் கடல்மேல் வந்துகொண்டிருந்த 1860 அக்டோபரில்தான் பீக்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. உள்நாட்டின் வாசல் திறந்தது. வாசல் திறந்தபோது ஊழியன் வெளியே! ஒரு மிஷனெரிக்கு இதைவிட வேறென்ன வேதனை வேண்டும்? தனக்கு நேர்ந்தது பெரிய ஆபத்து என்றே ஆரம்பத்தில் எண்ணியதாக டெய்லரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். விசுவாச வீரர்களுக்கும் துக்கம் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆ) வீட்டில் என்ன செய்தார்கள்?

வீடு லண்டன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், வொயிட்சாப்பல் பகுதியில் இருந்தது. டெய்லர் முன்பு பாதியில் விட்டுவந்த மருத்துவப் படிப்பைத் தொடர்ந்து 1862-ல் அறுவை மருத்துவராகத் தேறினார்.

இதற்கு நடுவில் நிங்போ மொழியில் இருந்த புதிய ஏற்பாட்டைத் திருத்துகிற வேலை. நிங்போ ஜனங்களில் அநேகருக்கு, விசேஷமாக ஸ்திரீகளுக்கு, சீன எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கற்க அவர்களுக்கு ஏது நேரம்? அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சையே ரோம எழுத்துகளில் எழுதினால் சீக்கிரத்தில் கற்று வாசித்துவிடலாம். அதற்காக டெய்லர், ஃப்ரெடரிக் காஃப் என்கிற இன்னொரு மிஷனெரியோடு உட்கார்ந்து கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு வசனம் வசனமாகத் திருத்தினார். இத்தனை மணி நேரம் வேலை என்று தினமும் டைரியில் குறித்து வைத்தார். ஒன்பது மணி, பத்தரை மணி, சில நாட்களில் பதினொரு மணி நேரத்துக்கும் மேல்! சுகவீனத்துக்காக வந்தவர் இவ்வளவு உழைத்தார்.

அவர்களோடு வாங் லைஜுன் என்கிற சீன சகோதரனும் வந்திருந்தார். நிங்போவில் வர்ணம் பூசுகிற தொழில் செய்துவந்து, இரட்சிக்கப்பட்டவர். டெய்லர் குடும்பத்தோடே லண்டனில் தங்கி, மொழிபெயர்ப்பில் உதவினார். அந்த வீட்டிலேயே வேதத்தில் வளர்ந்தார். 1864-ல் தாயகம் திரும்பின அவர், பிற்பாடு ஹாங்ச்சோ சபையின் போதகராகப் பல வருஷங்கள் நின்றார். டெய்லர் லண்டனில் இருந்தபோதே சீனாவுக்கு ஒரு போதகர் தயாராகிக்கொண்டிருந்தார். அப்பொல்லோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களுக்காகவும் ஜெபித்தார்கள். நிங்போ பகுதிக்கு ஐந்து பேர் வேண்டுமென்று கர்த்தரிடத்தில் கேட்டார்கள். முதலாவதாக ஜேம்ஸ் மெடோஸ் என்கிற வாலிபன், மனைவியோடு 1862 ஜனவரியில் கப்பலேறினார். அந்த மெடோஸ் 1914-ல் மரிக்கும்வரை ஐம்பது வருஷத்துக்கும் மேல் சீன ஜனங்களுக்கு ஊழியம் செய்தார். போக முடியாதவர் அனுப்பி வைத்தவர் ஐம்பது வருஷம் நின்றார்! மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். போகிறவர்கள் முதலில் டெய்லர் வீட்டுக்கு வருவார்கள், அவர்களோடு சாப்பிடுவார்கள், மொழி படிப்பார்கள், ஜெபிப்பார்கள். 1864 கடைசியில் கோபர்ன் தெருவில் ஒரு வீட்டுக்கு மாறினார்கள். அங்கே சனிக்கிழமைதோறும் சீனாவுக்கென்று ஜெபக்கூட்டம் நடந்தது.

இந்த வருஷங்களில் அவர்களுக்கு எந்தச் சங்கத்தின் சம்பளமும் இல்லை. சில நாட்களில் வீட்டுச் செலவுக்கே முடை. வெளியே பார்க்கிறவர்களுக்கு அது பெயரும் புகழும் இல்லாத, மறைவான காலம்.

இ) மரியாளின் பங்கு

சகோதரிகளே, இந்தப் பகுதியை உங்களுக்கென்றே எழுதுகிறேன். அந்த ஐந்தரை வருஷத்தில் மரியாள் மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்றார்கள். 1865 டிசம்பரில் பிறந்த பெண் குழந்தை பிறந்த அன்றே மரித்தது. மரியாளும் மரணப்படுக்கைவரை போய்த் தப்பினார்கள். வீட்டில் எப்போதும் விருந்தாளிகள், பரீட்சைக்குப் படிக்கிற கணவர், அழுகிற பிள்ளைகள், குறைந்த பணம். மிஷனெரி என்றால் மலையேறிப் பிரசங்கிப்பவர் என்று நினைக்கிறோம். சமையலறையில் அடுத்த வேளைக்கு என்ன செய்வது என்று யோசிக்கிற அம்மாவும் மிஷனெரிதான்.

1865-ல் ஒரு பத்திரிகைக்காகச் சீனாவின் ஆவிக்குரிய தேவையைப்பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கினார்கள். அது வளர்ந்து ஒரு புஸ்தகமாயிற்று. டெய்லர் அறையில் நடந்துகொண்டே சொல்லுவார், மரியாள் உட்கார்ந்து எழுதுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஜெபம். உள்நாட்டில் பதினொரு மாகாணங்களில் ஒரு புராட்டஸ்டண்ட் மிஷனெரிகூட இல்லை என்பதை அந்தப் புஸ்தகம் எடுத்துக் காட்டியது. சீனாவில் மாதத்துக்குப் பத்து லட்சம் ஆத்துமாக்கள் தேவனை அறியாமல் மரிக்கின்றன என்பது டெய்லரின் நெஞ்சை அறுத்த கணக்கு. அந்தப் புஸ்தகம் 1865 அக்டோபரில் வெளிவந்தது. பிற்காலத்தில் அநேகர் அதை வாசித்து சீனாவுக்குப் புறப்பட்டார்கள். நிங்போவிலே இருந்திருந்தால் இந்தப் புஸ்தகத்தை எழுத அவர்களுக்கு எப்போது நேரம் கிடைத்திருக்கும்?

ஈ) பிரைட்டன் கடற்கரை

டெய்லரின் படிப்பறைச் சுவரில் ஒரு பெரிய சீனப் படம் தொங்கினது. நிங்போவில் இருந்தபோது அந்தப் பட்டணத்தின் தேவையே கண்ணை மறைத்திருந்தது. லண்டனில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் முழு தேசத்தின் தேவையும் தெரிந்தது. சில சமயம் கர்த்தர் நம்மைத் தூரமாக நிறுத்துவது தெளிவாகப் பார்க்கத்தான்.

பார்த்தது பாரமாயிற்று. கேட்டால் தேவன் ஆட்களைத் தருவார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த வாலிபர்களும் வாலிபப் பெண்களும் உள்நாட்டில் பாடுபட்டு மரித்தால் யார் பொறுப்பு? இந்தப் போராட்டத்தில் மாதக்கணக்காகத் தூக்கமிழந்தார். 1865 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பிரைட்டன் என்கிற கடற்கரைப் பட்டணத்தில் ஆராதனையில் உட்கார்ந்திருந்தார். தங்கள் சமாதானத்தில் களிகூர்ந்து பாடுகிற பெரிய கூட்டத்தை அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து கடற்கரைக்குப் போனார். அனுப்புகிறவர் ஆண்டவர் என்றால் பொறுப்பும் ஆண்டவருடையதே என்று அங்கே சரணடைந்தார். பதினொரு மாகாணத்துக்கும் மங்கோலியாவுக்கும் இரண்டிரண்டு பேர், மொத்தம் இருபத்துநான்கு ஊழியர்கள் வேண்டுமென்று கேட்டு, அதைத் தன் வேதாகமத்தின் ஓரத்தில் எழுதினார். இரண்டு நாளில் சீனா உள்நாட்டு மிஷன் என்ற பெயரில் பத்து பவுண்டு போட்டு வங்கியில் கணக்குத் தொடங்கினார்.

1866 மே 26-ந் தேதி லாமர்மியூர் என்கிற கப்பல் லண்டனிலிருந்து புறப்பட்டது. அதில் டெய்லர் தம்பதியர், நான்கு பிள்ளைகள், 16 புதிய மிஷனெரிகள். அவர்களில் பாதிக்கு மேல் சகோதரிகள். போகிற வழியிலேயே கப்பல் மாலுமிகளில் அநேகர் இரட்சிக்கப்பட்டார்கள். கடும் புயல்களைத் தாண்டி செப்டம்பர் கடைசியில் ஷாங்காய் சேர்ந்தார்கள்.

விலை கொடுக்காமல் இல்லை. மூத்த மகள் கிரேஸ் 1867-ல் எட்டு வயதில் மரித்தாள். மரியாள் 1870 ஜூலையில் முப்பத்துமூன்று வயதில் சீன மண்ணிலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஆனால் அந்த மிஷன் இன்றும் வேறு பெயரில் ஆசியாவில் ஊழியம் செய்கிறது. அது பிறந்த இடம் சீனா அல்ல. போக முடியாமல் நின்றுபோன ஒரு குடும்பத்தின் ஜெப அறையும் ஒரு கடற்கரை மணலும்தான்.

4. பேசோர் ஆற்றண்டை தங்கினவர்கள்

இப்பொழுது சபையாகிய நம்மிடத்துக்கு வருவோம். 1 சாமுவேல் 30-ம் அதிகாரத்தில் தாவீது அறுநூறு பேரோடு அமலேக்கியரைத் துரத்திப் போகிறான். பேசோர் ஆற்றண்டை வந்தபோது இருநூறு பேர் களைத்துப்போய் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். நானூறு பேர் போய் ஜெயித்து, கொள்ளையோடு திரும்புகிறார்கள். அவர்களில் சில துன்மார்க்கர், நம்மோடு வராதவர்களுக்குப் பங்கு கொடுக்கக்கூடாது, மனைவி பிள்ளைகளை மாத்திரம் கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார்கள். தாவீது ஒத்துக்கொள்ளவில்லை. யுத்தத்துக்குப் போனவனுக்கும் ரஸ்துக்களண்டையில் இருந்தவனுக்கும் சரிபங்கு என்று தீர்ப்புச் சொல்லி, அதை இஸ்ரவேலிலே பிரமாணமாக்கினான்.

தாவீது முதலில் என்ன செய்தான் தெரியுமா? பங்கு பேசுவதற்கு முன்னே, அந்த இருநூறு பேரிடத்தில் சேர்ந்து அவர்கள் சுகசெய்தியை விசாரித்தான் (வசனம் 21). "ஏன் வரவில்லை?" என்று கேட்கவில்லை. "எப்போது வருவீர்கள்?" என்றும் கேட்கவில்லை. நலமா என்று கேட்டான். ராஜாவுக்குரிய இருதயம் அது.

நம் சபைகளில் என்ன நடக்கிறது? வெளிநாட்டில் இருக்கும்வரை மாதம் தவறாமல் காணிக்கை. வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதம், "அவங்க இங்கதானே இருக்காங்க" என்கிற பேச்சு. இங்கே இருந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இல்லையா? வீட்டு வாடகை இல்லையா? சொல்லப்போனால் வந்த இடத்தில் செலவு கூடத்தான் செய்யும். காணிக்கையை நிறுத்துவது பணத்தை மாத்திரம் நிறுத்துவதல்ல. உங்கள் அழைப்பு முடிந்துவிட்டது என்று நாம் சொல்லாமல் சொல்லுகிறோம். அழைத்தவர் சொல்லாததை நாம் சொல்ல அதிகாரம் இல்லை.

5. சபை செய்யவேண்டியது

முதலாவது, இளைப்பாற விடுங்கள். எலியா சூரைச்செடியின் கீழே படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடை சுட்டுக் கொடுத்து, தூங்க விட்டு, மறுபடியும் சாப்பிடக் கொடுத்தான் (1 இராஜாக்கள் 19). வந்த வாரத்திலேயே ஏழு கூட்டத்துக்கு மிஷனெரியை இழுக்கிற வழக்கத்தை விட்டுவிடுவோம். ஆறு வருஷம் லீவில்லாத குடும்பத்துக்கு ஒரு மாதம் நல்ல தூக்கமும் வீட்டுச் சாப்பாடும் தேவன் தருகிற வைத்தியம்.

இரண்டாவது, கேள்வியை மாற்றுங்கள். "எப்போ போறீங்க?" என்பதற்குப் பதிலாக, "அந்த ஜனங்களுக்காக இந்த வாரம் நாங்க எதுக்கு ஜெபிக்கணும்?" என்று கேளுங்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது, தாங்குதலைக் குறைக்காதீர்கள். பேசோர் ஆற்றின் பிரமாணத்தைக் கமிட்டி நோட்டில் எழுதி வையுங்கள்.

நான்காவது, அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். நம் வாலிபர் கூட்டத்தில் ஒரு அப்பொல்லோ உட்கார்ந்திருக்கக்கூடும். வாரத்துக்கு ஒரு நாள் மிஷனெரி வீட்டுக்கு இரண்டு வாலிபர்களை அனுப்புங்கள். அந்த தேசத்தின் பாஷையில் பத்து வார்த்தை கற்கட்டும், அந்த ஜனங்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கற்கட்டும்.

ஐந்தாவது, அவர்கள் மனைவியையும் பிள்ளைகளையும் பாருங்கள். அயல்நாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு நம் ஊர்தான் அந்நிய தேசம். தமிழ் தடுமாறினால் சிரிக்காதீர்கள். ஞாயிறு பள்ளியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருக்கிற மிஷனெரி சகோதரனுக்கும் சகோதரிக்கும் ஒரு வார்த்தை. எல்லாருக்கும் இருபத்துநான்கு பேரும் ஒரு கப்பலும் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஹட்சன் டெய்லருக்கும் முன்கூட்டி அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இன்றைக்குத் திருத்தவேண்டிய வசனங்களும், சனிக்கிழமை ஜெபமும், அடுத்த வேளை சாப்பாட்டுக்கு வருகிறவர்களும்தான். அதை அன்றன்றைக்கு உண்மையாய்ச் செய்தார். ஆவியானவர் ஆசியாவிலும் பித்தினியாவிலும் பவுலைத் தடுத்தார் (அப். 16:6-7). தடுத்தவர் பவுலைக் கைவிட்டாரா? துரோவாவில் இராத்தங்கினபோது மக்கெதோனியாவின் தரிசனம் வந்தது. உங்கள் வீடு உங்களுக்குத் துரோவாவாக இருக்கட்டும்.

சிந்திக்கவும் கலந்துபேசவும் (வீட்டுக்கூட்டங்களில்)

1. பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவில் தங்கின நாட்களில் நடந்தவை என்ன? (அப். 14:26 முதல் 15:35 வரை)
2. ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீடு எந்தெந்த ஊரில் சபையாக இருந்தது? (ரோமர் 16:3-5, 1 கொரி. 16:19)
3. நம் சபையோடு தொடர்புள்ள மிஷனெரி குடும்பம் இப்போது வீட்டில் இருக்கிறதா? கடைசியாக நாம் அவர்களுடைய சுகசெய்தியை விசாரித்தது எப்போது?
4. நம் வீட்டில் யாரை ஆயத்தப்படுத்தி அனுப்ப முடியும்?

ஜெபம்

அன்பின் பரலோகப் பிதாவே, போகிறவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். போக முடியாமல் தங்கியிருக்கிற உமது பிள்ளைகளை நினைத்தருளும். அவர்கள் சரீரத்துக்குச் சுகத்தையும், மனதுக்குத் தேறுதலையும், அன்றாட ஆகாரத்தையும் தாரும். அவர்களைப் பாரமாக எண்ணாமல், தாவீதைப்போல நலம் விசாரிக்கிற இருதயத்தை எங்களுக்குக் கட்டளையிடும். அவர்கள் வீடுகளிலிருந்து அப்பொல்லோக்களை எழுப்பி, எங்கள் பிள்ளைகளையும் அறுவடைக்கு அனுப்பும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே, ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. அல்லேலூயா!